தத்தெடுக்கவிருக்கும் குழந்தையின் உடலில் செம்மச்சம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மருத்துவ அறிக்கையில் "ஹெமாஞ்சியோமா" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. அதை நம்பலாமா?

நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஹெமாஞ்சியோமா என்றால் ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகி உருவாகும் கட்டி. குழந்தைகள் இல்லத்துக்கு வரும் பொது மருத்துவர் தோலில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் இந்தச் சொல்லை எழுதிவிடுவது உண்டு. "ரத்தக்கட்டி", "மச்சம்", "பிறவிக் குறி" என்று எழுதப்படுவதும் இப்படித்தான். இந்தச் சொற்களுக்குள் நாலு வயதில் தடம் தெரியாமல் போகக்கூடியதும் இருக்கலாம், ஆயுள் முழுக்க இருக்கப்போவதும் இருக்கலாம்.

பெயரைவிட இரண்டு விவரங்கள் முக்கியம். ஒன்று, பிறந்த அன்றே இருந்ததா, சில வாரம் கழித்து வந்ததா? இரண்டாவது, குழந்தை வளர்ந்த அளவுக்கே வளர்ந்ததா, அதைவிட வேகமாக வளர்ந்ததா? இவை இரண்டும் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்தது. ஆனால் தத்துக்கு வரும் பிள்ளைகளின் கோப்பில் பெரும்பாலும் விடுபட்டிருப்பவை இவைதான்.

வகைகள் என்னென்ன?

1982இல் மல்லிக்கன், க்ளோவாக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். செல்கள் பெருகி வளரும் ரத்தக்குழாய்க் கட்டிகள் ஒன்று. கருவிலேயே குழாய்கள் தவறாக அமைந்துவிட்ட பிறவி அமைப்புக் கோளாறுகள் மற்றொன்று. இன்றைய சர்வதேச வகைப்பாடும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

முதல் வகையில் மிகச் சாதாரணமாகக் காண்பது சிசு ஹெமாஞ்சியோமா. நூறு குழந்தைகளில் நாலைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்களிடம் அதிகம். பிறக்கும்போது வெளிறிய திட்டாகவோ கொசுக்கடி போலவோ இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. முதல் சில வாரங்களில் சிவந்து மேலெழும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை வளர்ச்சி மிக வேகமாக இருக்கும். மூன்று மாதம் ஆகும்போது, எட்டப்போகும் அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டியிருக்கும். தோலின் மேல்மட்டத்தில் இருந்தால் செக்கச்செவேல் என்றும், ஆழத்தில் இருந்தால் நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கமாகவும் தெரியும். ஆழத்தில் இருப்பது இன்னும் சில மாதங்கள் கூடுதலாக வளரும்.

பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும் கட்டி வேறு இனம், அதற்குப் பிறவி ஹெமாஞ்சியோமா என்று பெயர். அதில் ஒரு வகை ஓராண்டு சுமாருக்குள் சுருங்கிவிடும், இன்னொரு வகை சுருங்கவே சுருங்காது.

இரண்டாவது வகையில் போர்ட் ஒயின் கறை என்ற செந்நிறத் திட்டு முக்கியமானது. ஆயிரத்தில் மூன்று பேருக்கு இருக்கும். பிறந்த அன்றே தட்டையாக இருக்கும், குழந்தையோடு சேர்ந்து வளரும், மறையாது. நடுநெற்றி, கண்ணிமை, பிடரியில் வரும் வெளிர் சிவப்புத் திட்டும் பார்வைக்கு இதுபோலவே இருப்பதால் பலர் பதறுகிறார்கள். அது மிகச் சாதாரணம். அழுதால் சிவக்கும். இமையிலும் நெற்றியிலும் உள்ளது பெரும்பாலும் ஓரிரு வயதுக்குள் மங்கிவிடும். பிடரியில் உள்ளது தங்கினாலும் முடி மூடிக்கொள்ளும்.

சிரைக் கோளாறு, நிணநீர்க் கோளாறு, தமனி-சிரைக் கோளாறு ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

நம் தோல் நிறத்தில் இவையெல்லாம் படங்களில் காட்டுவதுபோல் தெரியுமா?

தெரியாது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் போர்ட் ஒயின் கறை பழுப்பு கலந்த மெரூன் நிறமாக, ஆறிய காயத்தின் தழும்பு போல இருக்கும். வெளிர் கறையாக இருந்தால் கண்ணில் படாமலே போகும். பக்கவாட்டு வெளிச்சத்தில், முகத்தின் இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

ரத்தக்குழாயோடு சம்பந்தமே இல்லாத இரண்டு குறிகளும் குழப்பும். இடுப்பிலும் பிட்டத்திலும் சாம்பல் நீலமாகப் படர்ந்திருப்பது நிறமிப் புள்ளி. நம் குழந்தைகளில் ஏராளமானோருக்கு உண்டு, வளர வளர மங்கும். கண்ணைச் சுற்றிக் கன்னத்திலும் விழிவெள்ளையிலும் நீலச் சாம்பலாக இருப்பது ஓட்டா மச்சம். அதுவும் நிறமிதான், ஆனால் அதற்கும் கண் பரிசோதனை தேவை.

விரலால் அழுத்திப் பார்ப்பது எளிய சோதனை. ரத்தக்குழாய்க் குறி வெளிறி, விரலை எடுத்ததும் நிறம் திரும்பும். நிறமி வெளிறாது. தடித்த கறைகளும் பழைய ஹெமாஞ்சியோமாக்களும் முழுதாக வெளிறாமல் போகலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கேரிங்ஸ் என்ற அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் குழந்தையின் விவரம் வந்த பிறகு 48 மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் என்ன செய்ய முடியும்?

குழந்தையை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்வதற்கான அவகாசம்தான் அந்த 48 மணி நேரம். அதன்பின் பொருத்தம் பார்க்கும் பணி முழுவதும் முடிய, ஒதுக்கிய நாளிலிருந்து அதிகபட்சம் 30 நாள் இருக்கிறது. சம்மதம் தருவதற்கு முன் மருத்துவ அறிக்கையை உங்கள் விருப்பப்படி ஒரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம், விதிகளில் அதற்கு இடமுண்டு. ஆகவே முதல் இரண்டு நாளில் குழந்தை தோல் மருத்துவர் ஒருவரை, அவர் கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். பதிவு செய்து காத்திருக்கும் காலத்திலேயே பேசி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சிறப்பு தத்தெடுப்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை:

- குழந்தை இல்லத்துக்கு வந்த நாளில் எடுத்த படம், பிறகு மாதாமாதம் எடுத்த படங்கள். தேதி அவசியம். சேர்க்கைப் படிவத்துக்காக எடுத்த சிறு படம்கூட உதவும்.
- குறியின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் இன்று எடுத்த படம். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அழும்போது ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.
- முதுகு, பிட்டம், உள்வாய் உட்பட உடலில் வேறெங்காவது குறி உண்டா, மொத்தம் எத்தனை?
- பிறந்தபோது எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது (தெரிந்த அளவுக்கு).
- ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கை மட்டுமல்ல, படங்களும்.
- மருந்து கொடுத்தார்களா? பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள்.
- வலிப்பு, மூச்சில் சத்தம், புண், ரத்தக்கசிவு எதாவது இருந்ததா?

கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்பதோடு விடாமல், குழந்தையைக் குளிப்பாட்டும் ஆயாம்மாவிடமும் கேளுங்கள். "வந்தப்போ பொட்டு மாதிரி இருந்துச்சு, பொங்கலுக்கு அப்புறம் பெருசாச்சு" என்று அவர் சொல்லும் ஒரு வரி எந்த அறிக்கையிலும் இருக்காது.

படங்களை மருத்துவரைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவும் இதில் சேர்த்திதான். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

நேரில் பார்க்கும்போது நாங்களே எதைக் கவனிக்கலாம்?

முதலில் குழந்தையைப் பாருங்கள், தூக்குங்கள், பழகுங்கள். பிறகு குறிக்கு வரலாம். புறங்கையை வைத்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியில் துடிப்பு தெரிகிறதா? அழும்போதோ தலை கீழே சாயும்போதோ புடைக்கிறதா? கை கால்களில் இருந்தால் இரண்டையும் சேர்த்து வைத்து நீளமும் பருமனும் ஒப்பிடுங்கள். முகத்தில் இருந்தால் இரு கண்களும் ஒரே அளவா, இமை சமமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கண்ட நாள், அளவு (நீளம், அகலம், உயரம், மில்லிமீட்டரில்), நிறம் எல்லாவற்றையும் எழுதி வைத்தால், வீட்டுக்கு வந்த பிறகு ஒப்பிட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

"தானே மறைந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்கிறார்களே?

சிசு ஹெமாஞ்சியோமாவுக்கு இது முக்கால் உண்மை. ஒரு வயது வாக்கில் சுருங்கத் தொடங்கி, பெரும்பாலானவை நாலு வயதுக்குள் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிடும். நடுவில் சாம்பல் பூத்து, வெளிறிக்கொண்டே வருவது அதன் அடையாளம். ஆனால் சுருங்குவதும் தடமில்லாமல் மறைவதும் ஒன்றல்ல. சிகிச்சை தராத ஹெமாஞ்சியோமாக்களில் ஏறத்தாழ பாதி எதையாவது விட்டுச்செல்கிறது. தளர்ந்த தோல், கொழுப்பு மேடு, நுண்குழாய்க் கோடுகள் ஆகியவை அவற்றில் சில. மூக்கு நுனி, உதடு, அல்லது விளிம்பு செங்குத்தாக எழும்பிய கட்டி என்றால் தடம் விடும் வாய்ப்பு கூடுதல்.

மற்ற வகைகளில் இது உண்மையே அல்ல. போர்ட் ஒயின் கறைக்கும் சிரைக் கோளாறுக்கும் இந்த ஆறுதலைச் சொல்லி ஐந்து வருடம் காத்திருக்க வைப்பது தவறு. அவை மறைவதே இல்லை.

தத்தெடுப்புக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட குழந்தையென்றால் பெற்றவர்கள் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தையென்றால், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை சட்டப்படி தத்துக்குத் தகுதியானவர் என்று அறிவிக்கவும் இரண்டு மாதம் வரை ஆகிறது. இவை நியாயமான பாதுகாப்புகள். ஆனால் ஹெமாஞ்சியோமா மிக வேகமாக வளர்வதும், சிகிச்சை தொடங்க மிகச் சரியான சமயமும் அதே இரண்டு மாதம்தான். உங்கள் கைக்குக் குழந்தை வரும்போது அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். தாமதத்துக்கு இல்லத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்பதில் கவனம் வையுங்கள். ஆறு, ஏழு மாதக் குழந்தைக்கும் மருந்து பலன் தரும், முன்னமே தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம்.

ஹெமாஞ்சியோமா எந்த இடத்தில் இருந்தால் தாமதிக்கக் கூடாது?

கண்ணிமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும்: கட்டி விழியை அழுத்தினால் பார்வை கோணும், இமை மறைத்தால் அந்தக் கண் சோம்பிவிடும். கட்டி சிறிதாக இருந்தாலும் குழந்தை கண் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

தாடி முளைக்கும் பகுதி, அதாவது காதோரம், தாடை, மோவாய், கீழுதடு, கழுத்தின் முன்புறம்: இங்கே பரவலாக இருந்தால் மூச்சுக்குழாயிலும் இருக்கக்கூடும். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், கரகரத்த அழுகை ஆகியவை அறிகுறிகள். சளி என்று நினைத்து நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு.

முகத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பட்டையாகப் பரவியது: ஃபேஸ் எனப்படும் நோய்த்தொகுதியின் பகுதியாக இருக்கலாம். மூளை, கழுத்துத் தமனிகள், இதயம், கண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மருந்து தொடங்குவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ., எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பது நல்லது.

முதுகின் அடிப்பகுதி, நடுக்கோட்டில்: தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பள்ளமோ முடிக்கற்றையோ கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். சில மாதம் வரை முதுகெலும்பு முழுதாக எலும்பாகாததால் அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். அதன்பின் எம்.ஆர்.ஐ. தான். தத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் அந்த வயதைக் கடந்திருப்பார்கள், ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற வரியைக் கண்டால், எந்த ஸ்கேன், எந்த வயதில் என்று கேளுங்கள்.

உடலில் ஐந்தும் அதற்கு மேலும்: கல்லீரலிலும் இருக்கலாம். வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். கல்லீரலில் நிறைய இருந்தால் தைராய்டும் இதயமும் பாதிக்கப்படலாம் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள்.

கட்டி திடீரென்று கெட்டியாகி, ஊதா நிறமாகி, சுற்றிலும் ரத்தப்புள்ளிகள் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரிந்திருக்கலாம். இது சிசு ஹெமாஞ்சியோமாவில் வருவதில்லை. அதைப்போலத் தோன்றும் வேறு இரண்டு அரிய கட்டிகளில்தான் வரும்.

ஹெமாஞ்சியோமாவுக்குத் தரும் ப்ராப்ரனலால் இதய மருந்து ஆயிற்றே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?

2008இல் பிரான்சின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காக இதைக் கொடுத்த ஒரு குழந்தையின் ஹெமாஞ்சியோமா மடமடவென்று சுருங்கியதைத் தற்செயலாகக் கண்டார்கள். 2014இல் அமெரிக்காவில் இதே நோய்க்கென்று வாய்வழிக் கரைசலாக அங்கீகாரம் கிடைத்தது. இன்று இதுதான் முதல் சிகிச்சை. முன்பு தந்த ஸ்டீராய்டுகளின் இடத்தை இது பிடித்துவிட்டது.

வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. அதைவிடக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் வேளை கொடுத்த பின் இரண்டு மணி நேரம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வயது தாண்டும்வரை கொடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் நிறுத்தினால் சிலருக்குத் திரும்ப வளரும்.

தவறு நடப்பது பெரும்பாலும் வீட்டில்தான். கரைசலாகக் கிடைக்காத ஊர்களில் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். உதாரணமாக 6 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 2 மி.கி. என்றால் நாளைக்கு 12 மி.கி., வேளைக்கு 6 மி.கி. 10 மி.கி. மாத்திரையை 10 மி.லி. நீரில் கரைத்தால் வேளைக்கு 6 மி.லி. அதே வீட்டில் யாராவது 40 மி.கி. மாத்திரையை வாங்கி வந்து அதே மாதிரி கரைத்தால் நாலு மடங்காகிவிடும். பட்டையில் உள்ள மி.கி. எண்ணை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கரைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பது பற்றி மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இந்த மருந்தின் பெரிய அபாயம் ரத்தச் சர்க்கரை இறங்குவது. ஆகவே பால் குடித்த உடனோ குடிக்கும்போதோதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுப்பு, மூச்சு இழுப்பு இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள். மறந்த வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குடித்ததைக் கக்கினாலும் மறுபடி ஊட்ட வேண்டாம். குழந்தை துவண்டு, வியர்த்து, குளிர்ந்து கிடந்தால் அவசர சிகிச்சை தேவை. கை கால் சில்லிடுவதும் தூக்கம் கலைவதும் சாதாரணமாக வரும், அவற்றுக்குப் பதற வேண்டாம்.

குழந்தை கைமாறும் நாளில்தான் வேளை தவறும். கடைசியாக எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி. கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள், அவர்கள் பயன்படுத்திய புட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

சிறியதாக, மெல்லியதாக, மேல்மட்டத்தில் இருந்தால் டிமோலால் 0.5 சதவீதக் கண் சொட்டு மருந்தையே ஒரு சொட்டு வீதம் இரு வேளை மேலே தடவச் சொல்வார்கள். கண்மருந்துதானே என்று அள்ளிப் பூசக் கூடாது, புண்ணின் மேலும் போடக் கூடாது. தோல் வழியாக ரத்தத்தில் சேரும்.

முகத்தில் போர்ட் ஒயின் கறை இருக்கிறது. வலிப்பு வருமா?

இடத்தைப் பொறுத்தது. கன்னத்திலோ தாடையிலோ மட்டும் இருந்தால் மூளைக்கு ஆபத்து மிகக் குறைவு. நெற்றியிலும் மேலிமையிலும் இருந்தால் ஸ்டர்ஜ்-வெபர் நோய்த்தொகுதியை நினைக்க வேண்டும். அதில் மூளையின் மேலுறையிலும் இதே குழாய்க் கோளாறு இருக்கும். வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், கண்ணழுத்தம் ஆகியவை வரலாம். நெற்றியில் கறை உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை.

வயது இங்கே உங்களுக்குச் சாதகம். இந்த நோயில் வலிப்பு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் வருடத்திலேயே தொடங்கிவிடும். ஒரு வயதுக்கு மேல் சாயம் ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தால் பெரிதும் நிம்மதியடையலாம். முதல் சில மாதங்களில் எடுத்த இயல்பான ஸ்கேனுக்கு அந்த மதிப்பு இல்லை.

கண் விஷயத்தில் அப்படி நிம்மதியடைய முடியாது. கண்ணழுத்தம் கைக்குழந்தையாக இருக்கும்போதும் வரலாம், பள்ளி வயதிலும் வரலாம். இமையில் கறை இருந்தால் ஆண்டுதோறும் அழுத்தம் பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வடிவது, வெளிச்சத்துக்குக் கூசுவது, கருவிழி மங்குவது, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது எல்லாம் அறிகுறிகள். "கண்ணு எவ்வளவு பெருசு!" என்று பாராட்டுகிறவர்கள் எந்தக் கண்ணைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கறை தோலில் மட்டும் இருக்கும் குழந்தையின் அறிவுக்கும் கறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

லேசர் செய்தால் போய்விடுமா?

மங்கும், முழுதாகப் போவது அரிது. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர்தான் பொதுவான தேர்வு. நாலு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவை. தோல் மெல்லியதாக இருக்கும் சிறு வயதில் பலன் கூடுதல். பிறகு சிறிது நிறம் திரும்பினால் இடையிடையே மறுபடி செய்ய வேண்டிவரும். கைகாலில், குறிப்பாகக் கணுக்காலுக்குக் கீழே, முகத்தில் கிடைக்கும் அளவுக்குப் பலன் கிடைக்காது.

நம் நிறத் தோலில் மெலனினும் லேசர் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கொப்புளம், கருமை, வெண்திட்டு வரும் வாய்ப்பு அதிகம். தோலைக் குளிர்விக்கும் வசதி உள்ள கருவியா, மாநிறக் குழந்தைகளுக்குச் செய்த அனுபவம் உண்டா, முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். முடி நீக்கும் அழகுநிலைய லேசர் இதற்கு ஆகாது. செய்தபின் ஒன்றிரண்டு வாரம் ஊதாவாகக் கன்றியிருக்கும், வெயில் படக் கூடாது.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து தருவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. ஒரே ஒரு குறுகிய மயக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். பத்து அமர்வுக்கும் மயக்கம் என்று திட்டமிட்டால் மட்டும் மயக்க மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுவாரமே லேசருக்கு ஓடத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. புதுக் கைகளை நம்பப் பழகும் பிள்ளைக்கு, அந்தக் கைகளே தன்னைப் பிடித்துக்கொள்ள வலி வருவது நல்ல தொடக்கமல்ல. கண்ணோ மூச்சோ அவசரம் என்றால் கதை வேறு.

புண்ணானால், ரத்தம் வந்தால்?

ஹெமாஞ்சியோமாவில் மிக அதிகம் வரும் சிக்கல் புண்தான். உதடு, கழுத்து மடிப்பு, அக்குள், டயப்பர் பகுதி ஆகியவை முக்கிய இடங்கள். சிவப்பின் நடுவே சீக்கிரமே சாம்பல் வெள்ளை தெரிந்தால் புண்ணாகப் போகிறது என்று அர்த்தம். மூன்று மாதக் குழந்தையிடம் இதைச் "சுருங்குகிறது" என்று நினைத்து மகிழ்பவர்கள் உண்டு, அந்த வயதில் அது சுருங்காது. வாஸ்லின் தடவி, ஒட்டாத டிரஸ்ஸிங் வைத்து, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். வலி கடுமையாக இருக்கும்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம். அநேகமாக நின்றுவிடும். நிற்காவிட்டால் அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுண்ணாம்பு, மஞ்சள், வசம்பு, பச்சிலை எதுவும் மேலே வேண்டாம். சூடு போடுவது தழும்பையும் கிருமியையும்தான் தரும்.

நீல நிறமாக, மெத்தென்று இருக்கிறதே?

அழுத்தினால் அமுங்கி, அழுதால் புடைத்தால் சிரைக் கோளாறாக இருக்கலாம். உள்ளே ரத்தம் உறைந்து சிறு கற்கள் போல் தட்டுப்படும், அவ்வப்போது வலிக்கும். கழுத்திலோ அக்குளிலோ நீர்ப்பை போல இருந்து, சளி பிடிக்கும்போதெல்லாம் பெருத்தால் அது நிணநீர்க் கோளாறு. இரண்டுக்கும் ஊசிவழி மருந்து செலுத்திக் குழாய்களைச் சுருக்கும் ஸ்க்ளீரோதெரபி உண்டு. பெரியவற்றுக்கு சிரோலிமஸ் மாத்திரையும் தருகிறார்கள். ஒரே தடவையில் வெட்டி எடுத்துவிடலாம் என்ற வாக்குறுதியை இன்னொரு மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சூடாக, துடிப்போடு இருப்பது தமனி-சிரைக் கோளாறு. சாதுவாகக் கிடந்து பருவ வயதில் விழித்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. அரைகுறையாகக் கை வைத்தால் மோசமாகும். ஒரு காலில் கறை, புடைத்த சிரைகள், கால் பெரிதாவது மூன்றும் சேர்ந்திருந்தால் அது க்ளிப்பெல்-ட்ரெனானே என்ற நோய்த்தொகுதி. செருப்பு அளவு வேறுபடுவதிலிருந்து கால் நீளம் வரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

பெற்ற தாயின் குடும்ப வரலாறு தெரியாதே, பரம்பரையாக இருந்தால்?

இந்த விஷயத்தில் அந்த இடைவெளி அவ்வளவாக நட்டமில்லை. போர்ட் ஒயின் கறையும் ஸ்டர்ஜ்-வெபரும் கரு உருவான பிறகு ஒரு செல்லில் நேர்ந்த ஜீன் மாற்றத்தால் வருபவை என்று 2013இல் கண்டறிந்தார்கள். பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைக்கும் போகாது. நாணயம் நாணயமாகப் பல சிறு திட்டுகள், சுற்றிலும் வெளிறிய வளையத்தோடு இருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை கேளுங்கள், அது குடும்பத்தில் ஓடக்கூடியது.

கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, கர்ப்பத்தில் எதையோ தின்றதாலோ, கருவைக் கலைக்க மருந்து சாப்பிட்டதாலோ இது வந்தது என்பதற்கு ஆதாரமில்லை. கடைசியாகச் சொன்னதைத் தத்தெடுத்த குடும்பங்களில் உறவினர்கள் மெதுவாகக் கேட்பதுண்டு. பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள்.

தடுப்பூசி?

வழக்கம்போலப் போடலாம், குறியின் மேல் குத்தாமல். இல்லத்தில் வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், உயிர்த் தடுப்பூசிகளைப் போடுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காப்பீடு கிடைக்குமா?

பாலிசியில் "வெளிப்புறப் பிறவிக் குறைபாடு" என்ற வரியைத் தேடுங்கள். பல பாலிசிகள் அதை விலக்குகின்றன. லேசரை "அழகுச் சிகிச்சை" என்று மறுப்பதும் வழக்கம். பார்வை பாதிப்பு, புண், ரத்தக்கசிவு, மூச்சுத்தடை போன்ற காரணம் இருந்தால் மருத்துவர் அதைச் சிகிச்சைக் குறிப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும். ஒரு அமர்வின் கட்டணத்தைக் கேட்டு ஏமாறாமல், மயக்க மருந்து, அறை உட்பட மொத்தத் திட்டத்தின் செலவைக் கேளுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் தோல், குழந்தை அறுவை, கதிரியக்கத் துறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது அலைச்சலைக் குறைக்கும்.

யாராவது அடித்த காயம் என்று சந்தேகப்பட்டால்?

நடக்கக்கூடியதுதான். டயப்பர் பகுதிப் புண் தீக்காயம் போலவும், கறை கன்றிய காயம் போலவும் தெரியும். நோயறிதல் எழுதிய ஒரு தாளும் தேதியிட்ட படங்களும் பிள்ளையின் கோப்பில் இருக்கட்டும். தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் சமூகப் பணியாளரிடமும், பால்வாடி அல்லது பள்ளி ஆசிரியரிடமும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

உறவினருக்கும் பிள்ளைக்கும் என்ன சொல்வது?

உறவினருக்கு ஒரே வாக்கியம்: "அது பிறவி மச்சம், டாக்டர் பார்க்கிறார்." விளக்கம் நீண்டால் ஆலோசனை பெருகும். "பெண் பிள்ளையாச்சே, நாளைக்குக் கல்யாணம்…" என்று தொடங்குகிறவரை அங்கேயே நிறுத்துங்கள், பிள்ளை கைக்குழந்தையாக இருந்தாலும்.

மூன்று வயதில் பிள்ளைக்கே ஒரு பதில் கற்றுக்கொடுங்கள்: "இது என் மச்சம், வலிக்காது, ஒட்டிக்காது." கண்ணாடி முன் நின்று மூக்கு, வாய், மச்சம் என்று தொட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அது வெறும் உடலுறுப்பு. ஆறேழு வயதில் ஒரு கேள்வி வரக்கூடும், சில பிள்ளைகள் கேட்காமலே மனதுக்குள் முடிவும் செய்துவிடும்: "மச்சம் இருந்ததாலதான் அவங்க என்னை விட்டுட்டாங்களா?" காரணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். "அவங்க ஏன் வளர்க்க முடியலைன்னு எங்களுக்குத் தெரியாது. அது உன் தப்பு இல்லை. இந்த மச்சத்தோடதான் உன்னைப் பார்த்தோம், இந்த மச்சத்தோடதான் கூட்டிட்டு வந்தோம்." இல்லத்தில் எடுத்த முதல் படத்தில் குறியை அழித்துச் சரிசெய்து சட்டம் போடாமல் இருப்பதும் இதே பதிலின் பகுதி.

எல்லாம் கேட்ட பிறகும் எங்களால் முடியுமா என்று தெரியவில்லை என்றால்?

சம்மதம் தருவதற்கு முன் மறுப்பது குற்றமல்ல. வீட்டுக்கு அழைத்து வந்தபின் மனம் மாறுவதுதான் பிள்ளையை உடைக்கும். பட்டியலில் "சிறப்புத் தேவை" என்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நிர்வாக வகைப்பாடு மட்டுமே, சிகிச்சை எவ்வளவு நீளும் என்பதை அது சொல்லாது. மருத்துவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இது உயிருக்கோ கண்ணுக்கோ மூச்சுக்கோ இடர் தருமா? அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும்? சிகிச்சை எதுவுமே பலிக்காவிட்டால் பத்து வயதில் இது எப்படி இருக்கும்? மூன்றாவது பதிலைக் கேட்டபின், அந்தப் பத்து வயது முகத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குள் இயல்பாக நுழைய உங்களால் முடியுமா என்று இருவரும் தனித்தனியே யோசித்து, பிறகு சேர்ந்து பேசுங்கள்.